மூன்று இடது இறகுகள்

போன மார்கழியில் நானும் என் மனைவி சரோஜாவும் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். எனக்கு அவளோடு போக வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. எங்களுக்கு முன்னால் ஒரு லொறி. அந்தப் பாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வாகனத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அடுத்த கடைத்தெரு வரும் வரைக்கும் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும். இந்த லொறியின் முதுகில் கம்பிக் கூடுகள். கூடுகளுக்குள் வான்கோழிகள். நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், விருந்துக்காக ஏதோ ஒரு ஹோட்டலுக்குப் போகின்றன போலிருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் எல்லாமாகச் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து, சேர்ந்தே சத்தம் போட்டன.

அப்படி ஒரு வளைவில்தான் கூட்டிலிருந்து ஓர் இறகு கழன்று, காற்றில் நாலு சுற்றுச் சுற்றி, திறந்திருந்த ஜன்னல் வழியாக என் மடியில் வந்து விழுந்தது. கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட நீள இறகு.

நான் யோசிக்கவே இல்லை. கை தானாக வேலை செய்தது. நுனியை மேலே பிடித்தேன். தண்டில் பள்ளம் ஓடுகிற பக்கம் வயிறு. அதை அந்தப் பக்கம் தள்ளி, முதுகு என்னைப் பார்க்கத் திருப்பினேன்.

"எடதா, வலதா?" என்றாள் சரோஜா. தலையைக்கூடத் திருப்பவில்லை.

"எடது" என்றேன்.

முன் இருக்கையில் இருந்த டீச்சரம்மா திரும்பிப் பார்த்தார். "எறகப் பாத்து எப்படிங்க எடது வலதுன்னு சொல்லுறீங்க?"

"படிச்சிருக்கோம்" என்றேன்.

"எந்த ஸ்கூல்ல?"

"பெக்டரியிலங்க."

அவர் ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். பஸ்ஸில் அதற்கு மேல் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் இறங்கிப் போக மாட்டீர்கள்.

வான்கோழி இறகுக்கு ஒரு மணம் உண்டு. மழையில் நனைந்து, அடுப்படியில் காய்ந்த கம்பளியின் மணம். அந்தக் கம்பளிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு வேலைக்கு நடந்த காலத்தில் நான் தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் சல்லடை ரூமில் இருந்தேன். வறுத்து வருகிற தேயிலையை அளவு அளவாகப் பிரிப்பது எங்கள் வேலை. பெரிய இலை ஒரு பக்கம், சின்ன இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். என் கண்ணுக்குத் தப்பி ஒரு காம்பு போகாது என்று எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிர் எனக்கு என்ன செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

என் கூட்டாளி தங்கராசு. மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற ஆள். அகலமான தோள், வெட்கப்பட்ட முகம். நாலு பேர் கூடி நின்றால் ஐந்தாவதாகப் பின்னால் நிற்பான். என்னைச் சின்ன வயதிலிருந்தே 'மச்சான் மச்சான்' என்று கூப்பிட்டான். கூப்பிட்டுக் கூப்பிட்டே பின்னாளில் நிஜ மச்சானாக்கிவிட்டான், சரோஜா அவன் தங்கைதான்.

அந்த வெட்கக்காரன் வருசத்தில் பதினாறு நாள் மட்டும் வேறு ஆள். மாசி மாதம் காமன் கூத்தில் அவன்தான் மன்மதன். அவனுடைய அப்பா தலையில் இருந்த கிரீடம், அவர் போன பிறகு அவன் தலைக்கு வந்தது. ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம்தான். மற்ற நாட்களில் வெள்ளைத் துணியில் சுற்றி, அவன் வீடான ஒற்றை அறைக் காம்பராவின் கூரைக் கம்பியில் தொங்கும். அதைத் தலையில் வைத்தால் அவன் நடையே மாறிவிடும். 'ஏய் தங்கராசு' என்று அதட்டுகிற கங்காணிகூட அந்தப் பதினாறு நாளும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்.

கதை உங்களுக்குத் தெரியும். மலைக்கு வெளியே இருப்பவர்களுக்காக இரண்டு வரி. தவத்தில் இருக்கும் சிவனை எழுப்ப மன்மதன் மலர் அம்பு விடுவான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், மன்மதன் எரிந்து போவான், ரதி அழுது புரண்டு அவனைத் திரும்பக் கேட்பாள். எல்லாத் தோட்டத்திலும் இதே கதைதான். மற்ற இடங்களில் மன்மதன் அம்பு விடுவதுபோல் காட்டினால் போதும். எங்கள் தோட்டத்து வழக்கம் வேறு. கோயில் வாசலில் நின்று மன்மதன் விடுகிற அம்பு நிஜமாகவே பறந்து, வரிசை வீடுகளான ஒரு லயத்தின் நீளத்துக்கு அந்தப் பக்கம் பரணில் உட்கார்ந்திருக்கும் சிவனின் தலைக்கு மேலாகத் தாண்ட வேண்டும். அதைச் சனம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக அந்தக் கட்டத்தை நன்றாக விடிந்த பிறகுதான் வைப்பார்கள். அம்பு நாணில் ஏறியதும் தப்பு மேளம் நின்றுவிடும். யாரும் நிறுத்தச் சொல்வதில்லை, தானாக நிற்கும். பதினாறு நாளும் ஓயாமல் அடித்த தப்பு நின்றதும் காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும்.

நான் சொல்லப்போகிற கூத்துக்கு முந்தின வருசம் அந்த அமைதியில் தங்கராசு விட்ட அம்பு பாதித் தூரம்கூடப் போகவில்லை. மானாப்புல் தட்டையில் கடதாசிப் பூச் சுற்றிய அம்பு. அவன் அப்பா காலத்திலிருந்து அதே மாதிரிதான் செய்தார்கள். அவருக்குக் கை வாகு இருந்தது, போயிற்று. இவனுக்குப் பலம் இருந்தது, வாகு இல்லை. அம்பு நாணை விட்டதும் குறுக்காகத் திரும்பி, தவித்து, தப்புக் காய்ச்சுவதற்காக மூட்டியிருந்த நெருப்பில் போய் விழுந்தது. விழுந்ததும் பற்றிக்கொண்டது.

 அப்புறம் கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் சொன்னார்: "அட, மன்மதன் எரியுறதுக்கு முந்தியே அம்பு எரிஞ்சிருச்சேப்பா!"

சிவன் வேசத்தில் தோட்டத்து லொறி டிரைவர் முனியாண்டி. அவருக்கு இது எதுவும் தெரியாது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அம்புக்காகக் காத்திருக்கிறார். ஒரு பெண்குரல்: "சாமி, கண்ணத் தொறந்துக்கங்க! அம்பு இந்த வருசம் வராது!"

தோட்டம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், அதை மறைக்கப்போவதில்லை. தங்கராசு சிரிக்கவில்லை. அன்றைக்கு அவனை எரிக்கத் தேவையே இருக்கவில்லை.

சிரிப்பு அன்றோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவன் கான் வெட்டும் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனால், "மம்பட்டியப் பாத்துப் புடி தங்கராசு, கால்லயே விழுந்துறப் போகுது" என்பார்கள். அவன் அந்த வழியையே விட்டுவிட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். கோயில் கமிட்டியும் கூடிப் பேசியது. இன்னும் ஒரு வருசம் பார்ப்பது, அப்போதும் அம்பு தாண்டாவிட்டால் கிரீடத்தைக் கீழ்க்கணக்கு ஆட்களிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு. கீழ்க்கணக்கு என்றால் எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பகுதி. அவர்கள் ரொம்ப நாளாகவே அந்தக் கிரீடத்தின் மேல் கண் வைத்திருந்தார்கள்.

தங்கராசு என்னிடம் மட்டும் சொன்னான்: "மச்சான், இந்த வாட்டியும் விழுந்துச்சுன்னா நான் கொழும்புக்குப் போயிருவேன். கடையில நின்னு சாமான் கட்டுறேன். அங்க எவனுக்கு என்னத் தெரியும்?"

அவன் அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். மெதுவாகச் சொன்னான்.

எனக்கு யோசனை வந்தது இறகு செருகிய ஒரு பூப்பந்திலிருந்து. தோட்டத்துக் கிளாக்கர்மார் கிளப்பில் பூப்பந்து விளையாடுவார்கள். பிய்ந்துபோன பந்தை வேலிக்கு வெளியே எறிவார்கள். ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து, வரும் வழியெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். எப்படி எறிந்தாலும் அது வானத்திலேயே திரும்பி, தலையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் விழுந்தது. இறகு பின்னால் இருந்து பிடித்துக்கொள்கிறது! அம்புக்கு வாலில் இறகு வைத்தால் அது குறுக்கே திரும்பாது. இதெல்லாம் உலகத்துக்குத் தெரிந்த விசயம்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு நான் புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி லயத்துக்கு ஓடினேன்.

சேவல் இறகு வைத்துப் பார்த்தோம். அது தொட்டால் சுருங்குகிற ரகம். நிமிர்ந்து நிற்கிற இறகு வேண்டும். அப்படிப்பட்ட இறகு இருந்த ஒரே இடம் தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களா. துரைசாணி நத்தாருக்காக வான்கோழி வளர்ப்பார்கள். பங்களாவில் சமையல் செய்த சோமபால அண்ணன் சிங்களவர். தமிழை அவர் போக்கில் பேசுவார், ஆனால் நாக்கில் உப்பு இருக்கும். நத்தார் முடிந்த மறுநாள் போய், "அண்ணே, வான்கோழி எறகு கொஞ்சம் வேணும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மல்லி, எறச்சி கேக்குற ஆளு இருக்கு. எலும்பு கேக்குற ஆளும் இருக்கு. எறகு கேக்குற ஆளு இன்னைக்குத்தான் வந்தது. பிஸ்ஸுத?"

தம்பி, பைத்தியமா என்று கேட்கிறார். "கொஞ்சம்" என்றேன்.

"கொஞ்சம் பிஸ்ஸு நல்லது" என்று சொல்லி, குழியில் கொட்டுவதற்கு வைத்திருந்த ஒரு சாக்கு இறகை அப்படியே என் தோளில் ஏற்றிவிட்டார்.

சாக்கோடு லயத்துக்குள் நுழைந்தேனா, சாக்கின் வாயிலிருந்து ஒரு இறகு பறந்தது. அவ்வளவுதான். துரையின் வான்கோழியை நான் அடித்துத் தின்றுவிட்டேன் என்று பேச்சு. கோபம் தின்றதற்காக இல்லை. "பக்கத்து வீட்டுல இருக்கோம், ஒரு துண்டு குடுக்கத் தோணலயே ஒனக்கு" என்று மூன்று வீடுகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது என் திமிருக்கு வருகிறேன். இறகுகளைத் தரம் பிரிக்க வேண்டும் அல்லவா? சல்லடை ரூம்காரன் நான் இருக்கும்போது வேறு யார் செய்வார்கள்? சின்னஞ்சிறு இறகுகளைத் தள்ளிவிட்டு, சிறகின் நீள இறகுகளை மட்டும் எடுத்தேன். நீளம் பார்த்தேன், அகலம் பார்த்தேன், வரி பார்த்தேன். ஒன்றைப் போலவே இன்னொன்று என்று மூன்று மூன்றாகச் சேர்த்து நூலால் கட்டினேன். அத்தனை ஒழுங்காக நான் தேயிலையைக்கூடப் பிரித்ததில்லை. தங்கராசு அந்தக் கட்டுகளைப் பார்த்து, "மச்சான், கண்ணாடியில பாத்த மாதிரி ஒண்ணுபோல இருக்குடா" என்றான். அவன் எவ்வளவு சரியாகச் சொன்னான் என்பது இரண்டு பேருக்குமே அப்போது விளங்கவில்லை.

பிறகு வேலை. சவர பிளேடால் இறகின் நடுத்தண்டை நெடுகப் பிளக்க வேண்டும். பிளக்கும்போது மூச்சு விட்டால் பிளேடு ஓடிவிடும். பிளந்த தண்டை உப்புத்தாளில் தேய்த்து, அடி தட்டையாகும் வரைக்கும் மெலிதாக்க வேண்டும். அகலமான பக்கத்தை எடுத்து, ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, மூங்கிலைச் சீவிச் செய்த அம்பின் வாலில் மூன்று பக்கமும் சம இடைவெளியில் ஒட்ட வேண்டும். முன்னும் பின்னும் நூல் சுற்ற வேண்டும். ஒட்டுவதற்குத் தோட்டத்து ஆசாரியிடம் மாட்டுத்தோல் பசையான வச்சிரம் வாங்கினோம். காய்ச்சினால் ஒரு நாற்றம் வரும் பாருங்கள், செத்த மாடு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி.

அந்தக் குளிரில் வச்சிரம் காய்வதாவது! நான் மூளையைப் பாவித்தேன். அம்புகளைச் சாக்கில் சுற்றிப் பெக்டரிக்குக் கொண்டுபோய், தேயிலை வறுக்கும் டிரையருக்குப் பின்னால், சூடு வருகிற இடத்தில் சாய்த்து வைத்தேன். முதல் தவணை அருமையாகக் காய்ந்தது.

இரண்டாவது தவணையை வைத்த அன்றைக்குப் பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வந்தார். அவர் மூக்கு சாதாரண மூக்கு இல்லை, ஒரு வாய்த் தேத்தண்ணியை முகர்ந்து எந்த மலைக் கொழுந்து என்று சொல்கிற மூக்கு. வாசலிலேயே நின்றுவிட்டார். "எவன்டா உள்ள மாட்டக் கொண்டாந்து கட்டுனது?" தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும், எங்களை எண்ணெய் தேய்த்துக்கொண்டுகூட வேலைக்கு வர விடமாட்டார்கள். சாக்கோடு என்னை வெளியே தள்ளினார். "லண்டன்காரன் இந்தத் தேத்தண்ணியக் குடிச்சிட்டு அம்மான்னு கத்தவா?"

இருந்தாலும் முதல் ஆறு அம்புகள் கையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் இருந்த வெளியில் தங்கராசு வில்லை வளைத்தான்.

அம்பு நீந்தியது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. குறுக்கே திரும்பவில்லை, உண்மைதான். ஆனால் இப்படி ஒரு வெட்டு, அப்படி ஒரு வெட்டு என்று வாலை ஆட்டி ஆட்டி, தண்ணீர் இல்லாத மீனைப்போல் துடித்து, அரை லயத் தூரத்தில் விழுந்தது. அடுத்ததும் அப்படி. ஆறும் அப்படி. முனையில் பாரத்துக்காகக் கட்டியிருந்த துணிப் பந்தைக் கூட்டினோம், குறைத்தோம். நாணை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை.

தங்கராசு அம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தான். "போதும் மச்சான். கூத்துக்குக் காப்புக் கட்ட இன்னும் ரெண்டு கிழமதான் இருக்கு. அம்மாகிட்ட கொழும்புப் பேச்ச இப்பவே எடுத்துருறேன், திடீர்னு சொன்னா தாங்காது."

"இன்னும் ஒரு தவண செய்வோம்" என்றேன். எனக்கு வேறு வழி தெரியாததால்தான் அப்படிச் சொன்னேன்.

பெக்டரியில் இடமில்லை என்பதால் அந்தத் தவணையைத் தங்கராசுவின் வீட்டு அடுப்படியில் வைத்தோம். சரோஜா அங்கேதான் இருந்தாள். அவளும் பெக்டரிதான். நீள மேசையில் தேயிலையைப் பரப்பி, சல்லடைக்குத் தப்பி வருகிற காம்புகளைக் கையால் பொறுக்குகிற வேலை. அதாவது நான் விட்டதைப் பிடிப்பதுதான் அவளுக்குத் தொழில். கல்யாணமான பிறகும் அந்த வேலையை அவள் விடவில்லை.

அண்ணன் மச்சான் என்று கூப்பிடுகிற முறைக்காரன் என்பதால் என்னோடு நேரே பேச மாட்டாள். நான் அவளுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பேன். பேச்செல்லாம் அண்ணன் வழியாகத்தான் வரும்.

என் அழகான கட்டு ஒன்றை அவிழ்த்து, மூன்று இறகையும் மண் தரையில் வரிசையாக வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அண்ணே, ஒங்க கூட்டாளிகிட்ட ஒண்ணு கேளுங்க. இது ரெண்டும் இந்தப் பக்கமா சாயுது. இது ஒண்ணு மட்டும் ஏன் அந்தப் பக்கமா சாயுது?"

"ஒரே அளவுன்னு சொல்லு, ஒரே வரின்னு சொல்லு" என்றேன் நானும் தங்கராசு வழியாக.

"அளவு ஒண்ணுதான்னு சொல்லுங்கண்ணே. ஒங்க எடது காலும் வலது காலும்கூடத்தான் ஒரே அளவு. எடது கால் செருப்ப வலது காலுல மாட்டுவீங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. சாக்கைக் கொட்டினோம். நுனியை மேலே, முதுகை நம் பக்கம் வைத்துப் பார்த்தால் சில இறகுகள் இடப்பக்கம் வளைந்தன, சில வலப்பக்கம். இடச் சிறகிலிருந்து வந்தவை இடப்பக்கம், வலச் சிறகிலிருந்து வந்தவை வலப்பக்கம். ஒரு பறவையில் ஒரே அளவு, ஒரே வரி உள்ள இறகுகள் எவை? இந்தச் சிறகில் ஒன்று, அதற்கு நேரே அந்தச் சிறகில் ஒன்று. நான் எவ்வளவு கவனமாக ஒன்றுபோலப் பிரித்தேனோ அவ்வளவு கவனமாக இடதையும் வலதையும் கலந்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அள்ளியிருந்தால்கூட ஒன்றிரண்டாவது சரியாக வந்திருக்கும்!

"ஒரு கொழுந்துக் கூடைய ரெண்டு பேரு புடிச்சிக்கிட்டு, ஒருத்தரு மலைக்கும் ஒருத்தரு லயத்துக்கும் இழுத்தா, கூட என்னாத்துக்கு ஆகும்?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், 'அண்ணே' இல்லை. நேராக என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். தங்கராசுவும் கவனித்தான். 

மூன்றும் இடது இறகாக வைத்து ஒரு அம்பு செய்தோம். அளவு கொஞ்சம் முன்னே பின்னேதான். வரியும் பொருந்தவில்லை, என் கண்ணுக்கு அவலட்சணம். வச்சிரம் காய்ந்ததும் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் போய் விட்டான். அது ஒரு பக்கமாகச் சுழன்றுகொண்டே, யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி நேரே போய், தூரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. தங்கராசு வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான். நான்தான் ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

சிக்கல் அதோடு தீரவில்லை. காப்புக் கட்டிய பிறகு கூத்து மாஸ்டர் அம்பைப் பார்த்தார். நல்ல மனுசர், ஆனால் சுத்தபத்தம் அதிகம். "கறிக்கு அறுத்த பறவையோட எறகு. இத சாமி அம்புல வக்கிறதா? முடியாது. பழையபடி கடதாசிப் பூதான்."

தங்கராசுவின் முகம் வாடியது. கடதாசிப் பூ என்றால் கொழும்பு.

பரணடியில் சாமி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த லொறி முனியாண்டி, கழுத்தில் ரப்பர் பாம்போடு எழுந்து வந்தார். "மாஸ்டர், நான் எதுல ஒக்காந்திருக்கேன்?"

"புலித்தோல்ல."

"அது என்னா, தானா செத்த புலியா?"

 முனியாண்டி உட்கார்ந்திருந்தது வரி போட்ட படுக்கை விரிப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் மாஸ்டர் அந்த விரிப்பையும் பார்த்தார், அம்பையும் பார்த்தார். மஞ்சள் தண்ணி தெளித்து அம்பை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அந்தக் காலை. பனி இறங்கித் தேயிலை மலை முழுக்க நனைந்து கிடந்தது. வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. கீழ்க்கணக்கு ஆட்கள் முன் வரிசையிலேயே நின்றார்கள், சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு. தங்கராசு கிரீடத்தோடு வந்து நின்றான்.  அம்பை நாணில் ஏற்றினான். மூன்று இறகும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வாலில் நின்றன. தப்பு நின்றது.

விட்டான்.

அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. 'விர்ர்' என்று, கம்பளியை வேகமாக உதறினால் வருகிற மாதிரி ஒரு சத்தம். மூன்று இடது இறகுகள் காற்றை அறுக்கிற சத்தம். சனத்தின் தலைக்கு மேலாக அது போனது. எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பின. சிவனின் ஜடைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் தாண்டியது. அந்தச் சத்தத்தில் முனியாண்டி பயந்துபோய், நெற்றிக்கண்ணைத் திறப்பதற்குப் பதிலாக இரண்டு கண்ணையும் திறந்து, பரணில் முழங்கால் போட்டு எழுந்து, பின்னால் திரும்பிப் பார்த்தார். "அடேய் எங்கடா போவுது!" என்று சிவபெருமான் கத்தியதை எங்கள் தோட்டத்தில் இரண்டாயிரம் காது கேட்டது.

அம்பு நிற்கவில்லை. பரணைத் தாண்டி, பாதையைத் தாண்டி, ஏழாம் நம்பர் மலைத் தேயிலைக்குள் போய் மறைந்தது. அதற்குப் பிறகுதான் தப்பு வெடித்தது.

மூன்று நாள் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஏழாம் நம்பரில் செடி செடியாக அம்பைத் தேடினார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் முன்பு கேலி செய்த அக்காமாரே, "ஒங்க அம்பு கண்டிக்கே போயிருச்சு போல, தங்கராசு" என்றார்கள். அவன் மலையைச் சுற்றாமல் அந்த வழியாகவே வீட்டுக்குப் போனான். கிரீடம் கூரைக் கம்பிக்குத் திரும்பியது. கொழும்புப் பேச்சு அவன் அம்மா காதுக்குப் போகவே இல்லை. அடுத்த வைகாசியில் அவன் என்னிடம், "என் தங்கச்சிய நேராவே பேச வச்சிட்ட. இனி வேற எவன் வீட்டுக்கும் நான் மாப்பிள்ள பாக்கப் போக முடியாது" என்றான். அம்பு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு மாசி அவன் மன்மதனாக நின்றான். ஒரு தடவைகூட விழவில்லை. எல்லாம் இடது இறகுதான். வலதும் அதேபோல் பறக்கும் என்று நான் சொன்னாலும் கேட்க மாட்டான்.

இப்போது பங்களா ஹோட்டலாகிவிட்டது. அங்கே இப்போது வளர்ப்பதில்லை, இறகு உரித்த வான்கோழிகள்தான் வந்து இறங்குகின்றன என்று கேள்வி. பெக்டரியின் கதவில் பூட்டு. கொழுந்து வேறு தோட்டத்துக்குப் போகிறது. ஏழாம் நம்பர் காடாகிவிட்டது.

கூத்து இருக்கிறது. அந்தப் பஸ் பயணத்துக்கு முந்தின மாசிக்குப் போயிருந்தோம். மன்மதனாக நின்றவன் கொழும்பில் வேலை செய்யும் பையன், கூத்துக்காக லீவு போட்டு வந்தவன், நன்றாகவே ஆடினான். கோயில் வாசலிலிருந்து பரணுக்குப் பின்னால் வரைக்கும் ஒரு நைலோன் நூல் கட்டியிருந்தார்கள். அம்பு அதில் கோத்திருந்தது. நாணை விட்டதும் நூலில் சறுக்கிக்கொண்டு நேராகப் போய், சிவனைத் தாண்டி, முடிவில் கட்டியிருந்த பட்டாசில் முட்டி வெடித்தது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள். கை தட்டினார்கள்.

தங்கராசு என் பக்கத்தில் நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. "நல்லாத்தான் போவுது மச்சான்" என்றான். "விழவே விழாது." கொஞ்சம் பொறுத்து, "தப்ப நிப்பாட்டவே இல்ல, பாத்தியா?" என்றான்.

உண்மைதான். நான் கவனிக்கவில்லை. அம்பு நாணில் ஏறியபோதும், விட்டபோதும், போய்ச் சேர்ந்தபோதும் தப்பு அடித்துக்கொண்டே இருந்தது. விழாத அம்புக்கு எதற்கு நிறுத்த வேண்டும்? அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த 'விர்ர்' சத்தத்தை அங்கே நின்றிருந்த பிள்ளைகளில் ஒருத்தருக்கும் தெரியாது.

இவ்வளவும் அந்த இறகைக் கையில் வைத்துக்கொண்டு, நோர்வூட்டுக்கும் டிக்கோயாவுக்கும் நடுவில் எனக்குள் ஓடியது. இறகைச் சட்டைப் பையில் சொருகினேன்.

"ஒண்ண வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறீங்க?" என்றாள் சரோஜா. "இன்னும் ரெண்டு எடது வேணும்ல?"

தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். முன்னால் பாதை வெறுமையாகக் கிடந்தது. பஸ் நின்று ஆள் ஏற்றிய நேரத்தில் லொறி எந்த வளைவிலோ போய்விட்டிருந்தது.

"ஐயா, தலைய உள்ள எடுங்க!" என்று கத்தினார் கொண்டக்டர்.